பள்ளி செஸ்: கோப்பையுடன் முடிந்துவிடக் கூடாத ஆட்டம்

புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் 2024 செப்டம்பரில் இரட்டைத் தங்கம். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷுக்கு உலக சாம்பியன் பட்டம். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதூமி நகரில் 19 வயது திவ்யா தேஷ்முக்கிற்கு மகளிர் உலகக் கோப்பை. இந்திய செஸ்ஸின் இந்த எழுச்சி, பள்ளி மாணவர்களைப் போட்டிக் கூடங்களை நோக்கி ஈர்த்து வருகிறது. எனினும், எத்தனை போட்டிகளில் ஆடினார்கள் என்பதைவிட, ஆடி முடித்த ஆட்டத்தை எவ்வாறு ஆராய்ந்தார்கள் என்பதே இளம் திறமையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

எண்ணின் அழுத்தம்

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, 2300-க்குக் குறைவான ரேட்டிங் பெற்ற, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு மதிப்பீட்டுக் காரணி 40; பெரியவர்களுக்குப் பொதுவாக 20. அதாவது, தமக்கு நிகரான ஒருவரிடம் தோற்றால் மாணவர் 20 புள்ளிகளை இழப்பார். பெரியவர் இழப்பது 10 மட்டுமே. வேகமாக வளரும் சிறாரின் திறனை விரைந்து பிரதிபலிக்க உதவும் இவ்விதி, சரிவையும் இரட்டிப்பாக்குகிறது. பெற்றோரின் கவனம் ஆட்டத்திலிருந்து எண்ணுக்கு நகர்வது இங்கேதான்.

தவறு தெரியும், காரணம் தெரியாது

கைப்பேசியில் உள்ள செஸ் மென்பொருள், தவறான நகர்வைச் சில விநாடிகளில் சுட்டிக்காட்டிவிடும். ஆனால், அந்த நகர்வைச் செய்தபோது மாணவர் என்ன நினைத்தார் என்பதை அது அறியாது. எதிராளியின் அச்சுறுத்தலைக் கவனிக்கவில்லையா, கணக்கீட்டைப் பாதியில் நிறுத்தினாரா, கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாரா? ஒரே தவறுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் தேவைப்படும் பயிற்சி வேறு.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் மென்பொருள் உதவியின்றியே அவரைப் பயிற்றுவித்தார். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதங்களில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

சிங்கப்பூர் தந்த பாடம்

உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தில், டிங் லிரென் 55-வது நகர்வில் கோட்டைகளைப் பரிமாற முன்வந்தார். அதை ஏற்ற குகேஷ், மூலையில் சிக்கியிருந்த டிங்கின் பிஷப்பையும் பரிமாறும் கட்டாயத்தை உருவாக்கினார். பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களுமே எஞ்சிய நிலையில், ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்ததே குகேஷுக்குப் போதுமானதாயிற்று. எந்தக் காயைப் பரிமாறலாம், எதைப் பரிமாறக் கூடாது என்பது பள்ளி ஆட்டங்களிலும் அன்றாடம் எழும் கேள்வி. அதற்கான விடை, தோற்ற ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பதில்தான் கிடைக்கிறது.

பதிவின்றி மறையும் ஆட்டங்கள்

கிளாசிக்கல் போட்டிகளில் நகர்வுகளை எழுதுவது கட்டாயம். ரேபிட் போட்டிகளில் கட்டாயமில்லை. ஒரே நாளில் முடிவடையும் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் ரேபிட் முறையில் நடப்பதால், அவற்றின் ஆட்டங்கள் பதிவின்றி மறைகின்றன. எழுதப்படாத ஆட்டத்தை ஆராய இயலாது.

எனவே, ஆண்டுக்குச் சில நீண்ட நேரப் போட்டிகளையேனும் பள்ளிகள் நடத்துவதும், ஆட்டம் முடிந்தபின் இரு மாணவர்களும் சேர்ந்து அதை அலச நேரம் ஒதுக்குவதும் பயனளிக்கும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தோற்று வரும் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி குறைந்தது?" என்பதற்கு முன், "இந்த இடத்தில் என்ன நினைத்தாய்?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினாலே போதும்.