ஆதன்: ஒரு பழந்தமிழ்ப் பெயரின் பொருளும் பொறுப்பும்

சான் ஹோசேயிலும் அதனை ஒட்டிய சன்னிவேல், குபெர்டினோ, பிரிமாண்ட் ஆகிய ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண் குழந்தை பிறக்கவிருக்கிறது என்றால், பெயர் தேடும் படலம் மாதக்கணக்கில் நீள்கிறது. ஊரிலிருக்கும் பாட்டனார் விண்மீனுக்குரிய முதலெழுத்தைத் தொலைபேசியில் சொல்கிறார். பெற்றோரோ ஈரசையில் அடங்க வேண்டும், அமெரிக்க ஆசிரியரின் நாவில் எளிதாகப் புரள வேண்டும், வேறெவரும் வைத்திராத பெயராகவும் இருக்க வேண்டும் என்கின்றனர். இத்தனை நிபந்தனைகளுக்குப் பின்னர் மருத்துவமனைப் படிவத்தில் எழுதப்படுவது, பெரும்பாலும், ஆரவ், விஹான், அத்விக் போன்ற ஒரே ஓசையுடைய பெயர்களுள் ஒன்று. அரிய பெயர் தேடிப் புறப்பட்டவர்கள் அனைவரும் ஒரே தெருவில் வந்து நிற்கின்றனர்!

இந்த நிபந்தனைகள் பலவற்றுக்கும் பொருந்தும் பழந்தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. அதுதான் ஆதன். 2019-ஆம் ஆண்டு கீழடி அகழாய்வு அறிக்கை வெளிவந்த பிறகு இப்பெயர் தமிழ்ப் பெற்றோரின் செவிகளை மீண்டும் எட்டியது. ஆயினும் அதன் வரலாறும் பொருளும் அறிந்து வைப்போர் சிலரே.

பானை ஓட்டில் ஒரு பெயர்

சிவகங்கை மாவட்டம் கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15-இல் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை ஏற்றது. அத்துறை 2018-இல் நிகழ்த்திய நான்காம் கட்ட ஆய்வில் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன. 'குவிரன் ஆதன்', 'ஆதன்' ஆகிய பெயர்கள் அவ்வோடுகளில் படிக்கப்பட்டன. அதே ஆய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிமாதிரி ஒன்று அமெரிக்காவின் புளோரிடா மாநில ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, கி.மு. 580 எனக் காலம் கணிக்கப்பட்டது. எழுத்துள்ள ஒவ்வோர் ஓடும் அதே ஆண்டைச் சேர்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. தமிழி எழுத்தின் தொடக்கக் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. குழந்தையிடம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லப்படும் பெருமை, பிள்ளை கல்லூரிக்குச் சென்று முதல் கேள்வியை எதிர்கொள்ளும்போது சரிந்துவிடும்.

நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் கிடைத்த ஓடுகளிலும் 'கண்ணன் ஆதன்' என்ற பெயர் உள்ளது. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேர மரபின் மூன்று தலைமுறைகளைச் சொல்கிறது. பதிற்றுப்பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் என மூன்று மன்னர்களின் பெயர்களில் ஆதன் உள்ளது. ஐங்குறுநூற்றின் முதற்பத்து ஆதன் அவினியை வாழ்த்துகிறது. திரிகடுகத்தை இயற்றியவர் நல்லாதனார்.

மன்னனுக்கும் புலவனுக்கும் பானைக்கு உரியவனுக்கும் இது பொதுப்பெயராக இருந்திருக்கிறது. எவ்வளவு பொதுவான பெயர் என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. ஆதன், பூதன் என்னும் பெயர்கள் 'தந்தை' என்ற சொல்லுடன் சேரும்போது ஆந்தை, பூந்தை எனத் திரியும் என்று எழுத்ததிகாரம் தனி விதி வகுக்கிறது. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இல்லை. அப்பெயருக்குள் ஓர் ஆதன் இருப்பதை அறிந்தவர் குறைவு. பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆதனின் தந்தை என்பதே அதன் விளக்கம். மகன் பெயரால் தந்தை அறியப்பட்டார்!

பொருள் என்ன?

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நேர்மையான விடை சற்றுச் சிக்கலானது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஆதன் என்பதற்கு உயிர், அருகன் என்னும் பொருள்களைத் தருகிறது. அறிவிலான், குருடன் என்னும் பொருள்களையும் தருகிறது. ஆதவன் என்ற சொல்லோடு குழப்பிக் கதிரவன் என்று பொருள் கொள்வது பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

'அறிவிலான்' என்பதைக் கண்டதும் பெயரைக் கைவிடும் பெற்றோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். சேர வேந்தர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் மக்களுக்கு அறிவிலான் என்று பெயர் சூட்டியிருப்பார்களா? அவர்கள் காலத்தில் அச்சொல் மதிப்புக்குரியதாகவே இருந்திருக்க வேண்டும். சொற்களின் பொருள் காலந்தோறும் ஏறவும் இறங்கவும் செய்யும். 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்று குறிப்பதில்லை. பெயருக்கு அகராதிப் பொருள் ஒன்று, அதைச் சுமந்தவர்கள் தந்த பொருள் மற்றொன்று. ஆதனுக்கு இரண்டாவது பொருளே வலியது.

நாவில் நுழையுமா?

ஆங்கில எழுத்துகளில் எழுதுவதில் கவனம் தேவை. முதலில் ஒரே ஒரு 'ஏ' இட்டு, 'டி எச்' சேர்த்து எழுதினால், இசுலாமியரின் தொழுகை அழைப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லின் எழுத்துக்கூட்டலே வரும். 'டி எச்' என்பதை விடுத்து 'தி எச்' என்று எழுதினால், ஈத்தன் என்ற ஆங்கிலப் பெயரின் சாயலில் படிக்கப்படும். இரண்டு 'ஏ'க்களுடன் தொடங்கி 'டி எச்' இட்டு எழுதுவது மூல ஒலிக்கு நெருக்கமானது. 2000-களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் பெருவழக்கான ஏய்டன் என்ற பெயருடன் சிலர் குழப்பக்கூடும். ஒருமுறை திருத்தினால் போதும்.

அமெரிக்கர் வாயில் நுழையாது என்னும் அச்சத்துக்குச் சான் ஹோசே நகரமே மறுமொழி. 1777-இல் இசுபானியர் நிறுவிய இவ்வூரின் பெயரில் 'ஜே' என்று எழுதி 'ஹ' என்று ஒலிக்கின்றனர். நகர மக்கள் அனைவரும் அதைக் கற்றுக்கொண்டனர். தமிழ்க் கிறித்தவர் 'சூசை' என்று வழங்கும் அதே புனிதரின் பெயர்தான் இவ்வூருக்கு. ஊரின் பெயரைக் கற்ற நாவுக்கு ஆதன் கடினமன்று.

இப்பெயர் எவ்வளவு அரியது என்று அறிய விரும்புவோர் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாம். ஓராண்டில் ஐந்து குழந்தைகளுக்கும் குறைவாகச் சூட்டப்பட்ட பெயர்கள் அதில் இடம்பெறா. எழுத்துக்கூட்டல் மாறினால் வேறு பெயராகவே எண்ணப்படும் என்பதையும் கருத வேண்டும்.

எழுதத் தெரிந்த ஆதன்

குவிரன் ஆதன், கண்ணன் ஆதன் ஆகிய இரண்டும் தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் கொண்டவை எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், இன்று தமிழர் இடும் தலைப்பெழுத்தின் முறையும் அதுவே. அமெரிக்கப் படிவம் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறது. வரிசை மாறுவது பெரிய இழப்பன்று. எழுத்து மறைவதே இழப்பு.

மன்னர்களின் பெயர் பாட்டிலும் கல்லிலும் நிலைத்தது. கீழடி ஆதனின் பெயரோ சாதாரண மட்கலத்தில் தமிழ் எழுத்தில் நிலைத்தது. தன் பானையில் தானே எழுதினானா, பிறர் எழுதினரா என்பது எதுவாயினும், அதைப் படிக்கத் தெரிந்த மக்கள் அவனைச் சூழ இருந்தனர். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டு ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்னும் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. கடல் கடந்து சென்ற அன்றைய தமிழரும் தம் பெயரைத் தம் எழுத்திலேயே எழுதினர்.

சான் ஹோசேயில் ஆதன் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளை, அப்பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் வளர்ந்தால் என்ன பயன்? கீழடியின் பெருமையைப் பெற்றோர் பேசுவர். பிள்ளையோ அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் தன் பெயரையே படிக்க இயலாமல் நிற்பான். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. விடுமுறையில் மதுரைக்குச் செல்லும் குடும்பங்கள் அங்குச் செல்வது எளிது. அதற்கு முன் அப்பிள்ளை ஆ, த, ன் என்னும் மூன்று எழுத்துகளையாவது கற்றிருக்க வேண்டாமா?

வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 1998-இல் தொடங்கப்பட்ட கலிபோர்னியா தமிழ்க் கழகத்தின் முயற்சியால் வளைகுடாப் பகுதியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் வேரூன்றின. தமிழ் படிக்க வாய்ப்புப் பெறாத இளைஞரும், பெர்க்கிலிப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட், ஹாங்க் ஹைபெட்ஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட புறநானூற்று ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆதன்கள் பலரைச் சந்திக்கலாம். அங்கிருந்து மூல நூலுக்கு வரும் வழி திறந்தே இருக்கிறது.

தமிழ்ப் பெயர் சூட்டுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர், பெயரை வைத்த நாளிலேயே ஒரு வேலையைச் செய்யலாம். தொட்டில் அட்டையிலும், பிறந்தநாள் அழைப்பிலும், புத்தகப் பையிலும் ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் எழுத்தில் அப்பெயரை எழுதலாம். தன் பெயரைத் தமிழில் பார்த்துப் பழகிய பிள்ளை ஒருநாள் தானே எழுதுவான். அன்றுதான் அந்தப் பெயர் அவனுக்கு உரியதாகும்.