நின்ற நேரமும் படித்த நேரமும்

பள்ளி விடுமுறை நாள்களில், ஜார்ஜ்டவுன் ஆர்மினியன் வீதியில் ஒரு சுவருக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் அங்கு வரைந்த சுவரோவியத்தில், இரு சிறுவர்கள் சைக்கிளில் செல்கின்றனர். சிறுவர்கள் ஓவியம், சைக்கிளோ சுவரோடு பொருத்தப்பட்ட உண்மையான சைக்கிள். 20 நிமிடம் வரிசையில் காத்திருப்பவர் அரை நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். சற்றுத் தொலைவில், குவீன் வீதியில், 1833ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் உள்ளது. வேலைக்கு விரைபவர் அதன் வாசலில் ஒரு கணம் நின்று, கைகூப்பிவிட்டு நடையைக் கட்டுவார். கடிகாரத்தோடு ஒருவர் கணக்கெடுத்தால் சுவருக்கு 20 நிமிடம், ஆலயத்திற்கு 3 விநாடி என்றுதான் எழுதுவார். கணக்கில் பிழையில்லை. ஆனால், மனம் எங்கே ஒன்றியது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

இணையப் பக்கங்களிலும் இத்தகைய கணக்கெடுப்பு ஓயாமல் நடக்கிறது. பக்கத்தைத் திறந்தவுடன், கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு நிரல் இயங்கத் தொடங்கும். வந்தவர் எப்போது வந்தார், அடுத்து எதைத் திறந்தார் என்று அது பதிவு செய்யும். அவரது கருவியில் ‘குக்கி’ எனப்படும் சிறு கோப்பை வைத்து ஓர் எண்ணையும் கொடுக்கும். அவர் மறுபடியும் வந்தால் அந்த எண்ணே அவரை அடையாளம் காட்டும். கூகல் நிறுவனம் 2005இல் இத்தகைய மென்பொருளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதன்பின், சிறு கடைக்காரரும் தம் அகப்பக்கத்தில் வாசகர் செலவிட்ட நேரத்தை அறிய முடிந்தது.

அந்த நேரத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. முதல் பக்கத்தைத் திறந்த நேரத்திற்கும் அதே தளத்தில் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திற்கும் உள்ள இடைவெளியே, முதல் பக்கத்தைப் படித்த நேரமாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் பினாங்கு வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, நாசி கண்டார் சாப்பிடப் போகிறார். 25 நிமிடம் கழித்து வந்து அடுத்த பக்கத்தைத் தட்டுகிறார். அவர் சாப்பிட்ட நேரமெல்லாம் வரலாறு படித்த நேரமாகப் பதிவாகும்! மற்றொருவர் அதே பக்கத்தை வரிக்கு வரி படித்து முடித்து, வேறெதையும் திறக்காமல் வெளியேறுகிறார். அடுத்த பக்கம் இல்லாததால், அவருக்குக் கிடைப்பது சுழியம்.

2023 ஜூலை முதல் நாள் தொடங்கி இந்த முறை மாறிவிட்டது. இப்போது பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். வந்தவர் 10 விநாடிக்கு மேல் இருந்தால் ஈடுபாட்டோடு வந்தவர் என்று கொள்ளப்படுவார். இது முன்னேற்றம்தான். ஆயினும், திரையைப் பார்த்தபடி கனவு காண்பவரை எந்த நிரலால் பிடிக்க முடியும்?

நேரத்தை அளப்பதே தவறு என்று கூறுவது நியாயமன்று. பதிவுப் படிவம் ஒன்றில் எல்லாரும் நெடுநேரம் தடுமாறினால், படிவம் குழப்பமாக உள்ளது என்று தெரியவரும், அதைத் திருத்தலாம். இங்கே நீண்ட நேரம் பாராட்டன்று, புகார். பட்டர்வொர்த்துக்குச் செல்லும் ஃபெர்ரி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று பார்க்க வந்தவர் 8 விநாடியில் போய்விட்டால், அந்தப் பக்கம் தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது என்று பொருள்.

நேரத்தையே வெற்றியாகக் கருதும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. 2012இல் யூடியூப், காணொலி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை தரத் தொடங்கியது. தலைப்பால் ஏமாற்றும் காணொலிகளைக் குறைப்பதற்கு அது நல்ல வழியாகவே தோன்றியது. ஆனால், 2 நிமிடத்தில் சொல்லக்கூடியதை 10 நிமிடமாக இழுக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. பசெம்போர் செய்முறையைத் தேடுபவர் அடுப்படியில் கரண்டியோடு நிற்க, எழுதியவர் தம் பாட்டியின் இளமைக் காலத்தை விவரித்துக்கொண்டிருப்பார். அங்கே செலவாகும் நேரம் வாசகருடையது.

வாசகருக்கு இது தெரிய வேண்டாமா? நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் தனிப்பட்ட தரவுகளைத் திரட்டும் வணிக நிறுவனம், அதற்கான நோக்கத்தை அவருக்கு எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனினும், தமிழ் வாசகருக்காகவே நடத்தப்படும் ஒரு தளம், ‘உங்கள் வருகை நேரம் பதிவு செய்யப்படுகிறது, காரணம் இது’ என்று தமிழில் இரண்டு வரி சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் பலவும் இன்று சொந்தமாக அகப்பக்கம் அமைக்கின்றன. அவற்றில் எழுதும் மாணவர்கள், வாசகர் தங்கிய நேரத்தைப் பார்த்து மகிழவோ சோர்ந்துபோகவோ வேண்டியதில்லை. கட்டுரையின் அடியில், ‘தேடி வந்தது கிடைத்ததா?’ என்று ஒரு கேள்வியும், ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்களும் வைத்தால் போதும். ‘இல்லை’ என்று அழுத்துபவருக்கு, ஏன் என்று எழுத ஒரு சிறு கட்டத்தையும் திறந்துவிடலாம்.