வீட்டுக்கு எதுக்கு சார் மெயில் சர்வர்?

என்னத்தச் சொல்ல மக்களே! தச்சநல்லூர் வீட்டுல கிடந்த பழைய பொட்டியில லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸும் போட்டு, சொந்தமா மெயில் சர்வர் வைக்கலாம்னு உக்காந்தேன். அனுப்புன மெயில் ஒண்ணுகூட வெளிய போகல. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. நாலு ராத்திரி செட்டிங்ஸக் குடைஞ்சதுதான் மிச்சம்.

கடைசில டெல்நெட் போட்டுப் பாத்தா, போர்ட் 587 திறக்குது. 25 எந்த சர்வருக்கும் திறக்கல. இணைப்பு தர்ற கம்பெனியே அடைச்சு வச்சிருக்கு. ரௌட்டருக்குக் கொடுத்த ஐபியும் 100.64-ன்னு ஆரம்பிக்குது. அதாவது, பல வீட்டுக்கும் சேத்து ஒரே பொது முகவரி. எனக்கு வர்ற மெயில் எப்படி வீடு வந்து சேரும்?

போன் போட்டா, "வீட்டுக்கு எதுக்கு சார் மெயில் சர்வர்?"ங்காரு அந்தத் தம்பி.

ஏன் கூடாதுங்கேன்? 1982-ல எஸ்.எம்.டி.பி. விதி எழுதினவங்க கம்பெனிக்காரன், வீட்டுக்காரன்னு பிரிக்கல. வைரஸ் புடிச்ச பொட்டிங்க ஸ்பாம் கொட்டுது, அதனால அடைக்காங்க. சரி. 2024 பிப்ரவரியிலேருந்து ஜிமெயிலும் யாஹூவும் எஸ்.பி.எஃப். இல்லன்னா டி.கே.ஐ.எம்., கூடவே ரிவர்ஸ் டி.என்.எஸ். கேக்காங்க. அதுவும் நியாயம்தான். ஆனா அந்த ரிவர்ஸ் டி.என்.எஸ்.ஸை எழுத வேண்டியது இணைப்புக் கம்பெனி. கேக்கறவனுக்குக் காசு வாங்கிட்டாவது செஞ்சு தரணுமா இல்லையா?

2009-ல ஜியோசிட்டீஸ மூடினப்ப எத்தனை பேரு எழுதினது காணாமப் போச்சு! அடுத்தவன் திண்ணையில படுத்தா அப்படித்தான். நம்ம கடுதாசியும் இப்போ அங்கதான் கிடக்கு.

நிலையான ஐபி, போர்ட் 25, ரிவர்ஸ் டி.என்.எஸ். மூணையும் எழுத்துல கேட்டாச்சு. நீங்களும் கேளுங்க. ஒருத்தன் கேட்டா கிறுக்கன், நூறு பேரு கேட்டா வாடிக்கையாளர் :-)