போர்வைக்குள் மூச்சு முட்டக் கூடாது

கார்த்திகை பிறந்தால் ஏற்காட்டை ஒட்டிய மாரமங்கலம் ஊராட்சியின் மலைக்கிராமங்களில் பொழுது சாயும் முன்பே பனி இறங்கிவிடுகிறது. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டர். சேலத்தில் பிரசவமாகி மலையேறும் பச்சிளங்குழந்தைக்கு ஒரே பயணத்தில் சுற்றுப்புற வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. உடல்வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, பாட்டிமார் பதறுவதில் நியாயம் இருக்கிறது. நம் அச்சமெல்லாம், அந்தப் பதற்றத்தில் செய்யப்படும் காரியங்களைப் பற்றியதுதான்.

பெரியவர்கள் போர்த்தும் கனத்த கம்பளியைக் குழந்தை மேலும் இழுத்துவிடுகிறார்கள். அது முகத்தில் ஏறினால் விலக்க அந்தக் கைகளுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் தலைக்கு அளவாகப் போட்டுவிடும் குல்லாய் வேறு, தூக்கத்தில் மூக்குவரை நழுவும் மங்கி குல்லா வேறு. தூளிக்குள் துணியைத் திணிப்பதும் ஆபத்து. தாடை நெஞ்சில் அழுந்தினாலே மூச்சுப்பாதை குறுகிவிடும். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்து இன்னொரு துணி சுற்றுவது வழக்கம். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள். மல்லாக்கப் படுக்கவையுங்கள். பிரிட்டனில் 1991இல் இதை நாடெங்கும் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் நிகழ்ந்த சிசு மரணங்கள் சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே குறைந்தன.

எல்லாவற்றையும்விடக் கொடியது கங்குச்சட்டி. புகை அடங்கிவிட்டதே என்று கதவைச் சாத்துகிறோம்; ஆனால் கங்கு கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. 2024 ஜனவரியில் டெல்லி அலிப்பூரில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இப்படித்தான் தூக்கத்தில் மடிந்தது. குழந்தை தூங்கும் அறையில் கங்கு கூடவே கூடாது. தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்துக் கட்டும் கங்காரு முறையைவிட நல்ல கணப்பு எது? ஆனால் தாய்க்குக் கண் சொக்கினால் குழந்தையைப் பக்கத்தில் தனி விரிப்புக்கு மாற்றிவிட வேண்டும்.

தாய்மார்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு ஒதுங்க நமக்கு மனமில்லை. தமிழக அரசு 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன: கொசுவலை, ஷாம்பு, கிலுகிலுப்பைகூட உண்டு. கம்பளித் துணி கிடையாது. சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே பெட்டி! மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, எடை குறைந்த சிசுக்களைக் கதகதப்பான பைகளில் வைத்துக் காத்தார்கள். 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அவர்களின் ஆய்வு, அந்த வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது.

மலை ஊராட்சிகளுக்கான பெட்டகத்தில் கழுத்துக்கு மேல் ஏறாத தூக்கப் பை ஒன்றும் தெர்மாமீட்டர் ஒன்றும் சேர வேண்டும். வீடு தேடி வரும் ஆஷா பணியாளர் குழந்தையை எடை பார்ப்பதோடு நில்லாமல், அது படுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மார்கழிக்குள் இதற்கான ஆணை வந்தாக வேண்டும்.