தாத்தா ரூம்

நியூஜெர்ஸியில் டிசம்பர் வந்தால் ஓர் ஆபத்து உண்டு. எதிர் ஃப்ளாட் வாண்டு வந்து, 'எங்க வீட்ல ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டியாச்சே!' என்று பற்றவைத்துவிட்டுப் போகும். அடுத்த நிமிஷம் நம் வீட்டு ஐந்து வயசு, 'நாம எப்பப்பா கட்டறது?' என்று சட்டையைப் பிடிக்கும்.

இஞ்சி, பட்டை, கிராம்பு, கரும்புப் பாகு போட்டுச் சுடுகிற கெட்டி பிஸ்கட்தான் ஜிஞ்சர்பிரெட். 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மானியக் கதைகளில் ஹான்ஸெலும் கிரெட்டெலும் காட்டுக்குள் பசியோடு கடித்தார்களே ஒரு வீடு, அந்த ஜாதிதான் இந்த வீடும்.

ஆபீஸ் போகிற ஆசாமி மாவு பிசைந்து, சுட்டு, சுவர் அறுத்து... நடக்கிற காரியமா? குறுக்கு வழி இருக்கிறது. ஸ்கூலில் தருகிற குட்டிப் பால் அட்டைப்பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். அதற்குக் கூரை முகடு இலவச இணைப்பு! சுற்றிலும் கிரஹாம் பிஸ்கட்டை ஒட்டினால் வீடு ரெடி.

சிமென்ட்? மூன்று முட்டை வெள்ளைக்கருவுக்குச் சுமார் 450 கிராம் ஐசிங் சர்க்கரை. பச்சை முட்டை குழந்தைகளுக்கு வேண்டாமென்று நான் மெரிங் பவுடரும் தண்ணீரும் சேர்த்து அடித்தேன். கரண்டியைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்க வேண்டும். கிண்ணத்தை ஈரத்துணியால் மூடுங்கள். நான் மூடவில்லை. கரண்டியையும் சேர்த்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

சுவர் காய்ந்த பிறகுதான் கூரை. இதை என் பெண்ணிடம் யார் சொல்வது? கூரை வழுக்கி ஒரு பக்கம் சரிந்தது. போதாக்குறைக்கு மிட்டாய் மொத்தத்தையும் இடது சுவரிலேயே அப்பினாள். வலது பக்கம் மொட்டை.

ஞாயிறு ராத்திரி அவள் தூங்கினதும் எனக்குக் கை சும்மா இருக்குமா? கூரையை நிமிர்த்தி, மிட்டாயைப் பிய்த்து, இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என்று கணக்காக ஒட்டிவிட்டுப் பெருமையோடு படுத்தேன்.

காலையில் அழுகைச் சத்தம். 'தாத்தா ரூம எடுத்துட்டாங்க!'

மிட்டாய்ப் பக்கம் தாத்தா ரூமாம். கும்பகோணத்திலிருந்து வந்தால் அவர் தங்குவதற்கு. கூரை சாய்ந்திருந்ததும் அவர் மேலே பனி விழாமல் இருக்கவாம். அப்பாவை நான் கூப்பிட்டே ரெண்டு வருஷமாகிறது.

பதினாறு மிட்டாயையும் பெயர்த்து, அவள் காட்டிய இடத்தில் ஒட்டிக் கூரையைச் சாய்த்து முடிக்கையில் மணி ஒன்பதரை.

'ஏன் லேட்?' என்றார் மானேஜர்.

'வீட்ல ரிப்பேர் வேலை, சார்.'