பைக்குக்கு வழி சொல்ல எவ்வளவு பெரிய ஸ்கிரீன் வேணும்?



செங்கல்பட்டுப் பக்கம் காலேஜ் படிக்கிறவங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னா மாமல்லபுரம்தான். திருக்கழுக்குன்றம் வழியா போனா சுமார் முப்பது கிலோமீட்டர். பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டா போதும். அதனால எங்க செட்டுல யார் புது வண்டி வாங்கினாலும், யார் ஹேண்டில்பார்ல புதுசா எதை மாட்டினாலும் முதல் சோதனை ஓட்டம் இந்த ரோட்டுலதான் நடக்கும். ரெண்டு வருஷமா பின் சீட்டுல உட்கார்ந்து விதவிதமான வழிகாட்டிக் கருவிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குன்னு ஒரு கருத்து வந்திருக்கு. காமர்ஸ் படிக்கிறவனுக்கு சாட்டிலைட் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க. கணக்கு தெரியும், அது போதும் :-)

கருத்து இதுதான். பைக்ல மாட்டுற வழிகாட்டி எவ்வளவு குறைவா காட்டுதோ அவ்வளவு நல்லது. ஆனா மார்க்கெட் இதுக்கு நேர் எதிரா, பெரிய ஸ்கிரீன், முழு மேப்னு போயிட்டிருக்கு. இதுக்கான விலையை அதிகமா கொடுக்கிறவங்க வீக்கெண்டுல ஊர் சுத்துற நாம இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நமக்கு பரோட்டா கொண்டு வர்ற டெலிவரி அண்ணன்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தோட சொத்து. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டுகள் நேரத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கும். குறைஞ்சது நாலு சாட்டிலைட்டோட சிக்னல் வந்து சேர்ற நேர வித்தியாசத்தை வெச்சு நம்ம கருவி தான் எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுக்கும். பொதுமக்களுக்குக் கிடைக்கிற சிக்னல்ல வேணும்னே கொஞ்சம் பிழையைக் கலந்துதான் விட்டாங்க. 2000 மே மாசம் கிளிண்டன் அதை நிறுத்தச் சொன்னார். அதுக்கப்புறம்தான் இது தெருவுல போறவனுக்கும் உருப்படியா பயன்பட ஆரம்பிச்சது.

பைக்குக்குன்னே கருவி வந்தது 2000-களோட நடுவுல. டாம்டாம் கம்பெனியோட ரைடர், கார்மின் கம்பெனியோட சூமோ. மழைக்குத் தாங்கும், கிளவுஸ் போட்ட விரலாலேயே அமுக்கலாம். சூமோ 550-ல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. பட்டன்களை இடது பக்கமா வெச்சிருந்தாங்க. ஏன்னா வலது கை ஆக்ஸிலரேட்டர்ல இருக்கு, அதை எடுக்கக் கூடாது. பைக் ஓட்டுறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவன் யோசிச்ச விஷயம் இது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு சின்ன கணக்கு. அறுபது கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட பதினேழு மீட்டர் போகும். ஸ்கிரீனை ரெண்டு செகண்ட் பார்த்தா முப்பத்துமூணு மீட்டரைக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி. ஈசிஆர்ல எவன் அறுபதுல போறான்? எண்பதுன்னு வெச்சுக்குங்க, நாப்பத்துநாலு மீட்டர். அந்த நாப்பத்துநாலு மீட்டர்ல ஒரு மாடு, ஒரு ஷேர் ஆட்டோ, ராங் சைடுல வர்ற ஒரு டிவிஎஸ் 50 எல்லாமே வரலாம்.

கார்க்காரர் ரெண்டு செகண்ட் ஏமாந்தா பம்பர் போகும், சுத்தி தகரம் இருக்கு, பெல்ட் இருக்கு. நமக்கு ஹெல்மெட்டை விட்டா வேற ஒண்ணும் இல்லை. மத்திய அரசோட கணக்குப்படி 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 74,897 பேர் டூவீலர்ல போனவங்க. அந்த வருஷம் விபத்துகளோட எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு. இத்தனையும் மேப் பார்த்ததால வந்ததுன்னு நான் சொல்லலை. ஆனா டூவீலர்ல கவனம் சிதறினா எவ்வளவு சின்ன இடைவெளியில உயிர் போகும்னு புரிஞ்சுக்க இது போதும்.

இப்போ நான் பின் சீட்டுல இருந்து பார்த்தவை. கம்பெனி பேர் கிடையாது, வம்பு வேண்டாம்.

ஒண்ணு: ஹோல்டர்ல மாட்டின மொபைல். மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல கால் மணி நேரத்துல கொதிக்கும், ஸ்கிரீன் தானா மங்கும். நண்பன் கையை எடுத்து நிழல் பிடிச்சுப் பார்ப்பான். ஒரு கையில ஹேண்டில், ஒரு கையில குடை! மழை வந்தா இன்னும் விசேஷம், துளி விழுந்த இடத்தை எல்லாம் விரல்னு நினைச்சு மேப் தானா பெருசாகும், சிறுசாகும்.

ரெண்டு: இன்னொருத்தன் வண்டியில மீட்டரோட சேர்ந்து வந்த சின்னத் திரை. ஒரு அம்புக்குறி, எத்தனை மீட்டர்னு ஒரு எண், அவ்வளவுதான். மொபைல் பாக்கெட்ல. முதல் நாள் "இதுல மேப்பே இல்லையேடா"ன்னு கிண்டல் பண்ணோம். ஆனா அந்த ஒருத்தன்தான் வழி முழுக்க ரோட்டைப் பார்த்து ஓட்டினான். குறைன்னா புளூடூத் அப்பப்போ அறுந்துடும், ஓரமா நிறுத்தி மறுபடி சேர்க்கணும்.

மூணு: சீனியர் அண்ணன் ஒருத்தரோட தனி ஜிபிஎஸ் கருவி. மேப் உள்ளேயே இருக்கறதால நெட் வேண்டாம், வெயில்லயும் தெளிவா தெரியும். விலையைக் கேட்டா ஒரு பழைய ஸ்பிளெண்டரே வாங்கிடலாம்.

நாலு: காதுல மட்டும் கேட்டுக்கிட்டுப் போறது. கண்ணுக்கு நல்லதுதான். ஆனா காதை அடைச்சுட்டா பின்னாடி வர்ற பஸ் ஹார்ன் கேட்காது. அதோட அந்தக் குரல் "திருக்கழுக்குன்றம்"னு சொல்றதைக் கேட்டா வேதகிரீஸ்வரரே மலையை விட்டு இறங்கிடுவார்.

இந்த ரெண்டாவது ரகம் இருக்கே, அம்புக்குறி மட்டும் காட்டுறது, அது நம்ம ஊர்க் கம்பெனிகள்கிட்டயே இருக்கு. ஓசூர்ல இருக்கிற டிவிஎஸ் 2018-ல என்டார்க் ஸ்கூட்டர்ல புளூடூத் மூலமா வழி காட்டுற வசதியைக் கொண்டு வந்தது. மேப்புக்கு மேப்மைஇந்தியாவோட கூட்டு. அறிமுகமானப்போ டெல்லி ஷோரூம் விலை 58,750 ரூபாய்தான். சென்னையோட ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பர்ல மீட்டியார் 350-ல டிரிப்பர்னு ஒரு குட்டி வட்டத் திரையை வெச்சது, அதுக்குப் பின்னாடி இருக்கிறது கூகுள் மேப். அந்தக் கம்பெனியோட ரெண்டு பெரிய தொழிற்சாலைகள் நமக்குப் பக்கத்துலயே ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும் இருக்கு.

நடந்ததைக் கவனிங்க. 2022-ல உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தப்போ டிரிப்பரை வண்டியோட கட்டாயம் வர்ற சாமான் பட்டியல்ல இருந்து எடுத்து, வேணும்னா வாங்கிக்கலாம்னு மாத்தினாங்க. வியாபாரமா பார்த்தா நியாயமான முடிவு, சிப் இல்லைன்னு வண்டியை குடோன்ல நிறுத்தி வைக்க முடியாது. ஆனா இதுல ஒண்ணு புரியுது. தொழில் உலகம் இதை நகை மாதிரி பார்க்குது, பிரேக் மாதிரி பார்க்கலை. தட்டுப்பாடுன்னு சொல்லி எவனும் பிரேக்கை ஆப்ஷனாக்க மாட்டான் இல்லையா?

நகைன்னு ஆயிட்டா அடுத்தது என்ன? பெருசா வேணும், பளபளன்னு வேணும். சென்னை ஐஐடியில படிச்சவங்க ஆரம்பிச்ச ஏதர், 2018-லேயே 450 ஸ்கூட்டரை ஏழு இன்ச் டச் ஸ்கிரீனோட கொண்டு வந்தது. 2023 நவம்பர்ல வந்த புது ஹிமாலயன் 450-ல வட்டத் திரை நாலு இன்ச் ஆச்சு, அம்புக்குறி போய் முழு கூகுள் மேப்பே வந்துடுச்சு. இதுக்கும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கலை. ஏற்காடு மலையில ராத்திரி ஏறும்போது அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு மேப்ல முன்கூட்டியே தெரியறது உதவிதான். ஆனா வருஷத்துல ரெண்டு நாள் ஏற்காடு. மீதி நாள் எல்லாம் கேளம்பாக்கம், திருப்போரூர், பூஞ்சேரி. அங்க பார்க்க வேண்டியது ஸ்கிரீனை இல்லை, எதிர்ல வர்றவனை.

நம்ம மாமல்லபுரத்துலேயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. குன்று மேல இருக்கிற ஒலக்கனேசுவரர் கோயில் பல்லவர் காலத்துது, ஒரு காலத்துல அதையே கலங்கரை விளக்கமாவும் பயன்படுத்தினாங்க. இப்போ இருக்கிற விளக்குக் கோபுரம் அதுக்குப் பக்கத்துலயே நிக்குது. கப்பல்காரனுக்கு அது சொன்னது ஒரே ஒரு சேதி, "கரை இங்க இருக்கு". மீதியை அவன் தன் கண்ணாலயும் அனுபவத்தாலயும் பார்த்துக்கிட்டான். பைக்காரனுக்கும் வழிகாட்டிகிட்ட இருந்து வேண்டியது அவ்வளவுதான்.

நிறைய காட்டுற மேப்புல இன்னொரு ஆபத்தும் இருக்கு. எல்லாம் அதுக்குத் தெரியும்னு நாம நம்பிடுறோம். கூகுள் 2017 டிசம்பர்ல இந்தியாவுக்காக டூவீலர் மோடு கொண்டு வந்தது, கார் போகாத குறுக்கு வழியையும் காட்டும். நல்ல விஷயம். ஆனா செங்கல்பட்டு ஏரி மாவட்டம். குறுக்கு வழின்னா பாதி ஏரிக்கரை மேலதான் போகும். மழை பெய்ஞ்ச மறுநாள் அந்தக் களிமண்ணுல டயர் எப்படி வழுக்கும்னு சாட்டிலைட்டுக்குத் தெரியாது, பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தெரியும். 2019 அக்டோபர்ல மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்துல சந்திச்சப்போ போக்குவரத்தையே திருப்பி விட்டாங்க. அந்த மாதிரி நாள்ல மேப் என்ன சொன்னாலும் போலீஸ்காரர் கை காட்டுறதுதான் வழி.

2024 ஜனவரியில நீலகிரி கூடலூர்ல மேப்பை நம்பிப் போன ஒரு கார் படிக்கட்டுல இறங்கி மாட்டிக்கிச்சு. அது சிரிச்சுட்டுப் போற செய்தி. அதே வருஷம் நவம்பர்ல உத்தரப் பிரதேசம் பரேலி பக்கத்துல, வெள்ளத்துல ஒரு பகுதி அடிச்சுட்டுப் போன பாலத்துல இருந்து கார் ஆத்துல விழுந்து மூணு பேர் செத்துப் போனாங்க. வழிகாட்டி ஆப் காட்டின வழியில போனதா செய்திகள் வந்தது. பாலத்துக்கு முன்னாடி ஒழுங்கா தடுப்பு வைக்காதது பொதுப்பணித் துறையோட தப்பு. ஆனாலும் நம்ம கண்ணைத் திரைக்கு அடகு வெச்சா என்ன ஆகும்னு இது சொல்லுது.

கடைசியா, என் சப்ஜெக்டான செலவுக் கணக்கு. "மொபைல் இருக்கே, ஹோல்டர் சில நூறு ரூபாய்தானே"ன்னு எல்லாரும் சொல்றோம். 2021 செப்டம்பர்ல ஆப்பிள் கம்பெனியே ஒரு எச்சரிக்கை கொடுத்தது. பைக் இன்ஜினோட பலமான அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம், ஹேண்டில்ல நேரா மாட்டாதீங்கன்னு. அதோட வெயில்ல கொதிச்சுக் கெடுற பேட்டரி, மழையில போற சார்ஜர் பாயின்ட். எல்லாத்தையும் கூட்டினா சில நூறு ரூபாய்க் கணக்கு எங்கேயோ போயிடும். இதையே தினமும் பத்துப் பன்னெண்டு மணி நேரம் செய்யறவர் யாரு? டெலிவரி அண்ணன். மொபைல் அவரோடது, ஹோல்டர் அவரோடது, பெட்ரோல் அவரோடது. விழுந்தா முட்டியும் அவரோடது. ஒரு ஆர்டருக்கு ரெண்டு புது முகவரி, ரெண்டுக்கும் மேப், நடுவுல ஆப்ல டைமர். ஈசிஆர்ல ராத்திரி டேங்க் மேல மொபைலை வெச்சுக் குனிஞ்சு பார்த்துட்டுப் போறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சட்டம் என்ன சொல்லுது? 2020 அக்டோபர்ல இருந்து மோட்டார் வாகன விதிப்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாத விதத்துல. "கவனம் சிதறாத விதம்" எதுன்னு ஓட்டுறவர் தலையிலயே கட்டிட்டாங்க. என் கேள்வி, ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் ஸ்கூட்டர்ல 2018-லேயே கொடுக்க முடிஞ்ச அம்புக்குறியை, பை கொடுக்கிற, டீ-ஷர்ட் கொடுக்கிற டெலிவரி கம்பெனிகள் கொடுத்தா என்ன? ஹெல்மெட் மாதிரி இதையும் பாதுகாப்புச் சாமானா கணக்குல எழுதினா என்ன? கம்பெனிக்கு அது ஒரு சின்ன செலவு வரி. அவர் வீட்டுல அது பெரிய வரவு.

நீங்க வாங்கப் போறதா இருந்தா கடையில மூணே கேள்வி கேளுங்க. ஒரு செகண்ட்ல படிக்க முடியுமா? வண்டி ஓடும்போது விரலே படாம வேலை செய்யுமா? சிக்னல் போனா "தெரியலை"ன்னு ஒத்துக்குமா, இல்லை எதையாவது காட்டிக்கிட்டே இருக்குமா? இந்த மூணுக்கும் சரின்னு பதில் வந்தா ஸ்கிரீன் தீப்பெட்டி சைஸ்ல இருந்தாலும் தைரியமா வாங்கலாம். கிளம்பும் முன்னாடி ரெண்டு நிமிஷம் மேப்பைப் பார்த்து முக்கியமான திருப்பங்களை மனசுல போட்டுக்கோங்க. வழி தப்பினா ஓரமா நிறுத்திக் கேளுங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

இன்னைக்கு ராத்திரி ஆர்டர் போடுறவங்க ஒரு உதவி பண்ணுங்க. டெலிவரி அண்ணன் போன் பண்ணா முதல் ரிங்லயே எடுத்து, "பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது லெஃப்ட், பச்சை கேட்"னு சொல்லிடுங்க. அவர் மறுபடி குனிஞ்சு மேப் பார்க்க வேண்டியிருக்காது.