கள் நம்முடையது என்றால் மரம் யாருடையது?

ஜெர்மானியருக்கு பீர் இருக்கிறது, தமிழருக்குக் கள் இருக்கக் கூடாதா? பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னை விவசாயிகள் கூடுகிற இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. செ. நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டு வருகிறது. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள் இறக்கியதும் இதே கேள்வியோடுதான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பவேரியாவில் 1516இலேயே பீருக்குச் சட்டம் எழுதினார்கள். செக் நாட்டின் பில்சன் நகரத்தில் 1842இல் காய்ச்சிய வகைக்கு உலகமெங்கும் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம்மிடமும் வகைகளுக்குக் குறைவில்லை. பனங்கள், தென்னங்கள், ஈச்சங்கள் என்று மரத்துக்கு மரம் சுவை மாறும். காலையில் இனிக்கும் கள் மாலையில் புளிக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நெல்லரிசியில் வீட்டிலேயே செய்த தோப்பி என்ற கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. கொங்கை ஒட்டிய தகடூரை ஆண்ட அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்து குடித்தவன். ஆனால் டாஸ்மாக் கடையில் விற்பதற்கு அரசு வைத்திருக்கும் பெயரே ‘இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகைகள்’. அயல்நாட்டுச் சரக்கை அரசே விற்கும், உள்ளூர்க் கள்ளை இறக்கியவர் மீது வழக்குப் போடும் என்பது அநீதிதான். 1987 முதல் இருக்கும் இந்தத் தடை நீங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கேள்வி அடுத்த சொல்லில் இருக்கிறது. ‘நம்முடைய பானம்’ என்கிறார்களே, அந்த ‘நாம்’ யார்?

கள் ஒரு சாதிக் கதை. மரம் ஒருவருக்குச் சொந்தம், ஏறுகிறவர் இன்னொருவர், களைத்து வந்து குடிப்பவர் மூன்றாமவர். கொங்கில் தோப்புகளில் பெரும்பாலானவை ஆதிக்க சாதியினர் கையில். ஏறியவர்கள் பனையேறிச் சமூகத்தார். நாளெல்லாம் அந்தத் தோட்டங்களில் மடை திருப்பி, குப்பை சுமந்து, மாலையில் கடை வாசலில் நின்றவர்கள் அருந்ததியர்கள். எங்கள் தாத்தா கள் குடித்தது தேங்காய்த் தொட்டியில். கடைக்கு உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் கிளாஸ். ஒரே பானையிலிருந்து ஊற்றிய அதே கள்தான். பானை தீட்டுப் படவில்லை, கிளாஸ் மட்டும் தீட்டுப்படும்! தேநீர்க் கடையின் இரட்டைக் குவளைக்கு முன்பே இந்த வேற்றுமையைப் பார்த்தவர் அவர். ‘தமிழர் பானம்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

இறக்கியவருக்கும் மரியாதை கிடைக்கவில்லை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தபோது இராமநாதபுரம் அரசர் தரப்பு வழக்குத் தொடுத்தது. கள் இறக்குவது பரம்பரைத் தொழில், ஆகவே தீட்டு என்பது அங்கே வாதமானது. நுழைந்தவர்களில் பலர் அதற்குள் வணிகர்களாகிவிட்டிருந்தார்கள். அது எடுபடவில்லை. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றார்கள். கேரளத்தில் நாராயண குரு ஈழவர்களைக் கள் தொழிலிலிருந்தே வெளியேறச் சொன்னார் என்றால், அந்த இழிவின் கனம் அவருக்குத் தெரியும். கள்ளைக் குடித்தவர் கோயிலுக்குள் போகலாம், இறக்கியவர் போகக் கூடாது என்றிருந்த சமூகம்தான் இன்று அதை மரபு என்று கொண்டாடுகிறது.

கள்ளை ஒழிக்கப் புறப்பட்டபோதும் இவர்களை யாரும் கேட்கவில்லை. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். பெரியார் தன் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். பின்னாளில் மதுவிலக்கை அவரே எதிர்த்தார். தியாகம் பெரியதுதான். ஆனால் வெட்டுவதற்கு அவரிடம் மரம் இருந்தது. ஏறியவரிடம் இருந்தது பாளை சீவும் கத்தி மட்டும். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மீண்டும் திறந்தது, 1987இல் மீண்டும் மூடியது. ஒவ்வொரு முறையும் கஜானாவுக்கு வேறு வழி கிடைத்தது. மரமேறிக்குக் கிடைக்கவில்லை.

இன்று கோரிக்கை ஏன் இவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது? வெள்ளை ஈயும் வாடல் நோயும் பொள்ளாச்சித் தோப்புகளைத் தின்கின்றன, காய் விலையை நம்ப முடியவில்லை. தோப்பு வைத்திருப்பவருக்குக் கள் ஒரு மாற்று வருமானம். அவர் துன்பம் உண்மை. ஆனால் உரிமம் மரத்துக்காரர் பெயரில் வந்தால், ஏறுகிறவர் பழையபடி கூலிதான்.

கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் வட்டம். அங்கிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. கள் தொழிலாளர்களுக்கென்று 1969லேயே நல நிதிச் சட்டம் போட்டார்கள், சங்கம் இருக்கிறது. அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தொழிலாளி என்ற பெயராவது சட்டத்தில் ஏறியிருக்கிறது.

தோழர்கள் சிலர் கள்ளே வேண்டாம் என்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று விடுதலைச் சிறுத்தைகள் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மாநாடு நடத்தினார்கள். கூலியில் பாதி கடைக்குப் போனால் மறுநாள் அடுப்பெரிக்கத் திண்டாடுவது எங்கள் பெண்கள். அந்தக் கோபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கள்ளைத் தடுத்த இத்தனை ஆண்டுகளில் சேரியில் குடி குறைந்ததா? பனையேறி வேலையிழந்தார், எங்கள் தெரு டாஸ்மாக்குக்கு இடம் மாறியது. அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே தடையை நீக்குங்கள், ஆனால் நிபந்தனையோடு நீக்குங்கள். உரிமம் ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரட்டும். மரத்துக்காரர் குத்தகை வாங்கிக்கொள்ளட்டும். மரத்திலிருந்து விழுந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வராத காப்பீடு வேண்டும். கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ், உட்கார ஒரே பெஞ்சு. மீறினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, உரிமம் ரத்து. பாளை சீவும் பயிற்சி எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் வேண்டும். தமிழர் பானம் என்கிறீர்களே, தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் மரம் ஏறிப் பார்க்கட்டும்.

ஏறுகிறவரும் குடிக்கிறவரும் ஒரே பெஞ்சில், ஒரே கிளாஸில் குடிக்கிற அன்று, நானும் கள்ளை நம்முடைய பானம் என்று சொல்வேன். அதுவரை அது மரத்துக்காரரின் பானம்தான்.